விதவை சூப்புக்கு வைத்த கல்

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் போகும்போது அந்த ஊர்ப் பெண்கள் வெறுங்கையோடு போக மாட்டார்கள். ஆளுக்கொரு ஆழமான தகரத் தட்டை இடுப்பில் ஏந்திக்கொண்டு முதலில் விஸ்தினின் ரொட்டி அடுப்புக்குப் போவார்கள். தட்டில் உருளைக்கிழங்கு, வெங்காயம், சோம்பு. அதன்மேல் வசதிக்குத் தக்க பன்றிக் கறியோ முயல் தொடையோ இருக்கும். விஸ்தின் தட்டை வாங்கி விளிம்பில் ஒரு தகர வில்லையைச் செருகுவார். அதே எண் போட்ட இன்னொரு வில்லை தட்டுக்காரியின் கைக்குப் போகும். பூசை முடிந்து, பங்குச் சாமியார் கோயில் வாசலில் நின்று விசாரிக்க வேண்டியவர்களை விசாரித்து முடிப்பதற்குள், ஊரின் மதியச் சாப்பாடு முழுக்க ஒரே அடுப்பில் வெந்திருக்கும்.

ஜுதித்தாவின் எண் பதினேழு. அவள் புருஷன் கல்குவாரியில் விழுந்து செத்த வருஷம், முதல் முறையாக அவள் கறி இல்லாத தட்டைக் கொண்டு வந்தாள். வெட்கத்தில் அதை ஒரு துணியால் மூடியிருந்தாள். வீட்டுக்குத் திரும்பிக் கரண்டியை விட்டபோது உருளைக்கிழங்குக்கு அடியில் இரண்டு துண்டு பன்றிக் கறி தட்டுப்பட்டது. தட்டு மாறிவிட்டது என்று பதறி, தட்டையும் வில்லையையும் எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினாள்.

"அண்ணே, யாரோட தட்டோ எனக்கு வந்துடுச்சு."

விஸ்தின் தட்டில் இருந்த வில்லையைப் பார்த்தார். அவள் கையில் இருந்த வில்லையையும் பார்த்தார். "இதுலயும் பதினேழு, அதுலயும் பதினேழு. மாறலையே தங்கச்சி" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுக்கத் திரும்பிக்கொண்டார்.

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த ஞாயிறும் கறி இருந்தது, அதற்கடுத்த ஞாயிறும் இருந்தது. பதினோரு வருஷம் ஆகியும் நிற்கவில்லை. அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கோயிலைப் பெருக்கித் துடைப்பது ஜுதித்தாவின் வேலை என்பதால், விஸ்தின் உட்காரும் பெஞ்சின் ஓரத்தை மட்டும் அவள் தேன்மெழுகு போட்டு இரண்டு தரம் தேய்ப்பாள். அந்த இடம் மட்டும் ஏன் இப்படி வழுக்குகிறது என்று ஊரில் யாருக்கும் விளங்கியதில்லை. கோயில் திருநாளில் அங்கே உட்கார்ந்த ஒரு மோன்சிஞ்ஞோர், பெரிய பட்டம் வாங்கிய சாமியார், கீழே சரிந்தும் இருக்கிறார்.

விஸ்தின் நல்ல மனுஷன் என்பதற்கு ஊரில் வேறு சாட்சிகளும் உண்டு. ஆனால் அந்த நல்ல குணமே அவரைச் சந்தியில் நிறுத்தியது. அதற்கு ஆரம்பம் ஒரு புதன்கிழமை.

கோயில் தூபத்துக்கு நெருப்பெடுக்க ஜுதித்தா சட்டியோடு ரொட்டிக் கடைக்குப் போயிருந்தாள். உள்ளே மாவு மூட்டைமேல் ஒரு படித்த மனுஷர் உட்கார்ந்திருந்தார். பெயர் எட்கார். கடலுக்கு அந்தப் பக்கம், பெரிய தீவின் தலைநகரான வாலெட்டாவில், கல்லூரியில் பாடம் சொல்பவர். முழங்காலில் நோட்டுப் புத்தகம், பக்கத்தில் பேச்சைப் பிடித்து வைக்கும் பெட்டி. படகு ஆட்டியதில் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"கெட்ட கனவுக்கு இங்க என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டார்.

"இரவுக் கழுதைன்னு சொல்லுவோம். ஏன், வாலெட்டாவுல வேற மாதிரி சொல்றாங்களா?"

"இல்ல. அங்கயும் இரவுக் கழுதைதான்."

"அப்புறம் எதுக்கு ஐயா படகேறி வாந்தியெடுத்துக்கிட்டு வந்தீங்க?"

எட்கார் பொறுமையாக விளக்கினார். நம் பாஷையில் இரண்டு சொல் சேர்ந்து ஒரே சொல்லாகி நிற்பவை எத்தனையோ இருக்கின்றன. மழை நின்றதும் மேலே வளைந்து நிற்பது ஆண்டவன்வில். பாறை விளிம்பில் பூக்கும் செடி கடற்காது. வௌவாலுக்கு இரவு வண்ணத்துப்பூச்சி என்று பெயர். சொல் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஏன் அந்த இரண்டும் சேர்ந்தன, சேர்ந்ததும் அந்த அர்த்தம் எங்கிருந்து வந்தது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

"இரவு தெரியும், கழுதை தெரியும். ரெண்டையும் கூட்டினா கனவு எப்படி வருது? அதுதான் எனக்கு வேணும்."

விஸ்தின் மாவைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "ஐயா, ரெண்டு பேரு கல்யாணம் கட்டிக்கிட்டா வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு மாப்பிள்ளை பேரையும் பொண்ணு பேரையும் வெச்சுச் சொல்ல முடியுமா? சேந்துட்டாங்க. அது அப்படித்தான்."

எட்காரின் முகம் வாடிவிட்டது. "நாலு ஊரு சுத்திட்டேன். நாலு ஊருலயும் இதையேதான் சொன்னாங்க. அது அப்படித்தான்." நோட்டைத் திருப்பிக் காட்டினார். இடது பக்கம் வரிசையாகச் சொற்கள். வலது பக்கம் வெள்ளையாக, சுத்தமாக இருந்தது.

விஸ்தின் அந்த வெள்ளைப் பக்கத்தைப் பார்த்த பார்வை ஜுதித்தாவுக்குப் புரிந்தது. உருளைக்கிழங்கு மட்டும் போட்டு வந்த ஒரு தட்டைப் பார்க்கிற பார்வை அது. அவர் மாவுக் கையைத் துடைத்தார். முதலில் ஒரு ரொட்டியைப் பிளந்து எண்ணெய் தடவி, தக்காளி தேய்த்து, உப்பில் ஊறிய கேப்பர் மொட்டு வைத்து எட்கார் கையில் கொடுத்தார். அவர் இரண்டு வாய் கடிக்கும்வரை காத்திருந்தார்.

"இருங்க, நெனவு வருது. எங்க தாத்தா ஒண்ணு சொல்லுவாரு" என்றார்.

ஜுதித்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விஸ்தினின் அப்பன் வழித் தாத்தா அவர் பிறக்குமுன்பே போய்ச் சேர்ந்தவர். அம்மா வழித் தாத்தா டூனிஸுக்குக் கப்பலேறிப் போனவர், திரும்பவே இல்லை. ஆனாலும் தாத்தா சொன்னார். கடத்தல்காரன் ஒருவனின் கழுதை, குளம்பில் சாக்குத் துணி கட்டி, இருட்டில் தூங்குகிறவர்களின் மொட்டைமாடி மேலேயே நடக்குமாம். நெஞ்சின்மேல் நடப்பதுபோல் இருக்குமாம். எட்கார் பென்சில் பறந்தது. பேச்சுப் பெட்டி சுற்றியது. "அருமை, அருமை. கடற்காதுக்கு ஏதாவது இருக்கா?" என்றார் வாயில் ரொட்டியோடு.

"அதுக்கும் ஒண்ணு சொல்லுவாரு" என்றார் விஸ்தின்.

தாத்தா அதோடு நிறுத்த மாட்டார் என்பது தெரிந்தது. சட்டியில் நெருப்பு அணைந்துவிடுமே என்று ஜுதித்தா கிளம்பிவிட்டாள். போகும்போது கேட்ட கடைசி வார்த்தை, "விதவை சூப்புன்னு சொல்றோமே, அதுக்கு?" என்பது. பதிலை அவள் கேட்கவில்லை. அது அச்சாகி வரும்வரை இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

*

புத்தகம் தபாலில் வந்தபோது அதைப் பிரித்தது விஸ்தின் அல்ல, நார்டு. சூசையப்பர் பேண்ட் சங்கத்துத் தலைவர். தபால்காரர் அவருக்கு மச்சான் என்பதால் ஊருக்கு வரும் கனமான உறை எதுவும் முதலில் அவர் கைக்குத்தான் போகும்.

நார்டுவின் அப்போதைய கஷ்டத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தச் சின்ன ஊரில் பேண்ட் சங்கங்கள் இரண்டு. தெருவுக்கு இந்தப் பக்கம் சூசையப்பர் சங்கம், அந்தப் பக்கம் செபமாலை மாதா சங்கம். இரண்டு சங்கமும் வணங்குவது ஒரே ஆண்டவரைத்தான் என்றாலும், ஒருவர் கொடிக்கம்பம் ஒரு முழம் உயர்ந்தால் மற்றவருக்குத் தூக்கம் வராது. மாதா சங்கத்தார் முந்தைய வருஷம் தங்கள் வாசலில் வெண்கலத் தேவதை ஒன்றை நிறுத்தி, ஆயரைக் கொண்டு தீர்த்தம் தெளித்து மந்திரிக்கவும் செய்துவிட்டார்கள். சூசையப்பர் வாசலில் ஒரு சைக்கிள் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் நார்டு சந்தியில் நாற்காலி போட்டு ஏறி, நாற்பத்திரண்டாம் பக்கத்தை உரக்க வாசித்தார். விதவை சூப் என்ற சொல் பிறந்தது இந்த ஊரில்தான் என்று அதில் எழுதியிருந்தது. பெரிய காலரா வந்த வருஷம் இங்கே ஒரு ஏழை விதவை இருந்தாள். பட்டினி கிடந்தாலும் யார் கையிலிருந்தும் எதையும் வாங்க மாட்டாள். அதனால் ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு காயை, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், ரொட்டிக் கடை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார்கள். அவள் துக்கம் காப்பவள் என்பதால் சிவப்புக் காய் எதையும் வைக்கவில்லை. பச்சையும் வெள்ளையும் மட்டுமே: பட்டாணி, மொச்சை, காலிஃபிளவர், நூல்கோல், வெங்காயம். ரொட்டிக்காரன் அதையெல்லாம் அவள் அடுப்புக்கு அனுப்பிய சட்டியில் போட்டு வேகவைத்து, அந்தச் சட்டியின் அடியில் ஆட்டுப்பாலில் செய்த பாலாடைக்கட்டி ஒன்றை ஒளித்து வைத்துக் கொடுத்தான். அவள் கடைசிவரை அது தன் சொந்தச் சமையல் என்றே நினைத்துச் சாப்பிட்டாள். தகவல்: விஸ்தின், ரொட்டி சுடுபவர், அவருடைய பாட்டனார் வாய்மொழியாக.

கூட்டத்தில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஜுதித்தா துடைக்கவில்லை. அவளுக்கு முகமெல்லாம் சூடேறிவிட்டது. சட்டியின் அடியில் ஒளித்து வைத்தான் என்ற இடத்தை நார்டு இரண்டாம் முறை வாசித்தபோது தலையைக் குனிந்துகொண்டாள். காலராவும் இல்லை, பாட்டனாரும் இல்லை, ஆட்டுப்பால் கட்டியும் இல்லை. எண் பதினேழு மட்டும்தான் அதில் உண்மை.

நார்டு மறுநாளே வேலையில் இறங்கினார். "வெண்கலத் தேவதை யாருக்கும் கெடைக்கும். கடைக்குப் போனாக் கெடைக்கும். ஒரு வார்த்தை பொறந்த எடம் கெடைக்குமா?" என்று சங்கத்தில் கேட்டார். ரொட்டிக் கடைச் சுவரில் பளிங்குக் கல் பதிப்பதென்று தீர்மானம் ஆனது. அந்த விதவை எந்த வீட்டில் இருந்திருப்பாள் என்று யாரோ கேட்டார்கள். கடைக்கு அடுத்த வீட்டில்தான் இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் சூப் ஆறிப் போயிருக்குமே என்று நார்டு சொன்னார். அடுத்த வீடு ஜுதித்தாவுடையது. ஆகவே காலரா வருஷத்து விதவை, அவளுடைய செத்துப்போன புருஷனுக்குக் கொள்ளுப்பாட்டி ஆனாள். இரண்டு நாளில் பெயரும் கிடைத்துவிட்டது.

"நீதான் துணியை இழுத்துக் கல்லைத் தெறந்து வைக்கணும்" என்றார் நார்டு.

"எங்க வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு கொள்ளுப்பாட்டி இருந்ததா அவரு வீட்டுல யாரும் சொன்னதில்லையே?"

"ஏழைங்க வீட்டுல யாரும்மா இதையெல்லாம் சொல்லி வெப்பாங்க? அதுக்குத்தான் நாங்க இருக்கோம்."

ஜுதித்தா வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வாரமே சங்கத்துக் கூட்டத்திலும் கோயிலிலும் அவளை முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தண்ணீர்க் குழாயில் பெண்கள் வழிவிட்டார்கள். பதின்மூன்று வருஷம் "பாவம், அந்த விதவை" என்றவர்கள், இப்போது "நம்ம விதவை" என்றார்கள். ஆண்டவர் மன்னிக்கட்டும், அது அவளுக்கு இனித்தது.

*

விஸ்தினுக்கு இனிக்கவில்லை. ஐயா ஒருத்தருக்கு ரொட்டியோடு சேர்த்துக் கொடுத்த நாலு வார்த்தை இப்படிக் கல்லில் ஏறும் என்று அவர் நினைக்கவில்லை. கற்கொத்தன் வந்து தன் கடைச் சுவரை அளந்த அன்று மாலை, சனிக்கிழமை, நேரே கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழந்தாளிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தாத்தா பொய், கழுதை பொய், விதவை பொய்.

அவர் செய்த தப்பு அந்தப் பொய்யல்ல, அந்தக் கூண்டுக்குள் போனதுதான். கூண்டில் கேட்டதைச் சாமி உயிர் போனாலும் வெளியே சொல்லக் கூடாது. சொல்லக் கூடாது என்பது மட்டுமல்ல, கேட்டதாகக் காட்டிக்கொண்டு எதையும் செய்யவும் கூடாது. கல் பதிக்கும் கமிட்டிக்குத் தலைவரோ, கூண்டில் அதைக் கேட்ட இஞ்ஞாசி சாமியேதான். ஊரில் அந்தக் கல்லை நிறுத்தக்கூடிய ஒரே வாயை விஸ்தின் தன் கையாலேயே பூட்டிவிட்டார்.

அது அவருக்குத் தெரியவில்லை. சாமியிடம் சொல்லியாகிவிட்டது, சாமி பார்த்துக்கொள்வார் என்று அவர் நிம்மதியாகக் காத்திருந்தார். "சரிப்படுத்த வேண்டியதைச் சரிப்படுத்து" என்று கூண்டுக்குள் சொல்லியாகிவிட்டது, விஸ்தின் வெளியே வந்து சொல்வார் என்று சாமி காத்திருந்தார். இரண்டு நல்லவர்களும் ஒருவருக்கொருவர் காத்திருந்ததில் ஒரு மாதம் போயிற்று.

சாமி வீட்டையும் ஜுதித்தாதான் துடைப்பாள். அந்த மாதம் அங்கே ரொட்டி மலைபோல் குவிந்தது. முன்பெல்லாம் ஒரு ரொட்டியை இரண்டு நாள் வைத்துச் சாப்பிடும் சாமி, தானே கடைக்குப் போய்க் காலையில் ஒன்று, மாலையில் இரண்டு வாங்கி வந்தார். ஒருமுறை அவளும் கடையில் நின்றாள்.

"வேற என்ன விசேஷம், விஸ்தின்?" என்றார் சாமி, ரொட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு.

"உங்களுக்குத் தெரியாததா சாமி?" என்றார் விஸ்தின் சிரித்துக்கொண்டே.

சாமி இருமினார். பிறகு இன்னொரு ரொட்டி வாங்கிக்கொண்டு போனார். அந்த வாரம் கோயில் கோழிகள் நன்றாகச் சாப்பிட்டன.

*

சூசையப்பர் திருநாளுக்கு முந்தின ஞாயிறு. மொச்சையும் பட்டாணியும் காய்த்திருக்கும் பருவம். கடைச் சுவரில் பதித்த கல்லின்மேல் சிவப்புப் பட்டுத் துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். துக்கம் காப்பவளுக்குச் சிவப்பு ஆகாது என்று அதே கல்லில்தான் எழுதியிருக்கிறது என்பது யாருக்கும் தோன்றவில்லை. பேண்ட் வாசித்து முடித்தது. பெரிய அண்டாவில் விதவை சூப் கொதித்தது. தெருவுக்கு அந்தப் பக்கம் மாதா சங்கத்தார் தங்கள் தேவதைக்குப் பக்கத்தில் கைகட்டி நின்று, வெறுமே வேடிக்கை பார்ப்பதாகக் காட்டிக்கொண்டார்கள். இஞ்ஞாசி சாமி தீர்த்தச் செம்போடு வந்தார். கல்லின் பக்கம் பார்க்காமல் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். வெயில் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

ஜுதித்தா துணியின் நுனியைப் பிடித்து இழுத்தாள். கைதட்டல் எழுந்தது. சாமி செம்பை உயர்த்தினார். அப்போதுதான், சாமி மந்திரிக்கவே போகிறார் என்பது விஸ்தினுக்கு உறைத்தது.

"நில்லுங்க சாமி!" என்று கத்தினார். மாவுத்துணி கட்டியபடி கடை வாசலுக்கு வந்தார். "இது பொய். நான் சொன்ன பொய். விதவையும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்குத் தாத்தாவே கெடையாது!"

சாமியின் முகத்தில் தெரிந்த வெளிச்சத்தை ஜுதித்தா பார்த்தாள். பத்து மூட்டையை இறக்கி வைத்தவன் முகம் அது.

முதலில் வாயைத் திறந்தது தெருவுக்கு அந்தப் பக்கம். "பாத்தீங்களா! நாங்க அன்னிக்கே சொன்னோம்! இவங்க சொல்றது பொய்யி! அந்த விதவை எங்க பக்கத்துக்காரி!" என்றான் மாதா சங்கத்துக் கொடிபிடிப்பவன்.

அத்தோடு காரியம் கெட்டது. அந்தப் பக்கத்துக்காரன் பொய் என்று சொன்ன எதுவும் இந்தப் பக்கத்துக்காரனுக்கு வேதவாக்கு. அதுவரை லேசாகச் சந்தேகப்பட்டவர்கள்கூட முஷ்டியை மடக்கினார்கள்.

நார்டு விஸ்தினின் தோளில் கை போட்டார். "அண்ணனுக்கு அடக்கம். புகழ் வந்தாக் கூச்சப்படறாரு. அந்தக் காலத்து ரொட்டிக்காரனும் இப்படித்தான், செஞ்ச தர்மத்தைச் சொல்லிக்கவே மாட்டான். ரத்தம் பேசுது, பாருங்க!"

"ஐயோ, அடக்கம் இல்லய்யா, பொய்யி!"

"கேட்டீங்களா? என்ன அடக்கம்!"

கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது. விஸ்தின் சாமியைப் பார்த்தார். "சாமி, நீங்க சொல்லுங்க. உங்களுக்குத் தெரியும்ல?"

சாமி செம்பை இறக்கினார். கூண்டில் கேட்டதை இப்போதும் சொல்ல முடியாது, கேட்டதாகத் தலையாட்டவும் முடியாது. "விஸ்தின் பொய் சொல்ற ஆளில்ல" என்றார் கடைசியில், எல்லாருக்கும் கேட்கும்படி. இந்தப் பேச்சும் பொய்யல்ல என்ற அர்த்தத்தில்தான் சொன்னார். கூட்டம் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டது. பேண்ட் மறுபடி முழங்கியது. சாமி கல்லை மந்திரிக்கவில்லை. செம்பிலிருந்த தீர்த்தத்தால் அண்டாவிலிருந்த சூப்பை மந்திரித்துவிட்டுப் போய்விட்டார். அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

*

அடுத்த ஞாயிறு எல்லாரும் நற்கருணை அப்பம் வாங்க எழுந்தபோது விஸ்தின் எழவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அந்த வழுக்கும் பெஞ்சில் உட்கார்ந்தபடியே இருந்தார். நாற்பது வருஷமாக ஒரு ஞாயிறு தவறாதவர். உயிர்ப்புத் திருநாளான ஈஸ்டருக்கு நற்கருணை வாங்காதவன் அந்த ஊரில் கிறிஸ்தவனே இல்லை. இன்னும் நாலு வாரம்தான் இருந்தது.

ஊர் பேச ஆரம்பித்தது. நார்டுவே கடைக்குப் போய்ச் சமாதானம் சொன்னார்.

"அண்ணே, நம்ம கோயில் முகப்பைப் பாரு. ரெண்டு கடியாரம். ஒண்ணு நெசம், ஒண்ணு சாத்தானை ஏமாத்த வெச்ச பொய். அந்தப் பொய்க் கடியாரத்துக்கு சாமி சம்மதத்தோடதான் பெயின்ட் அடிக்கறோம். கோயிலே பொய் சொல்லுது, உன் பொய்யா பெருசு?"

"அது சாத்தானை ஏமாத்துது. நான் எட்கார் ஐயாவ ஏமாத்திட்டேன். அவரு சாத்தானா? பசிச்ச மனுஷன்."

எட்காருக்குக் கடிதமும் எழுதினார். எழுத்துக் கூட்டி எழுத இரண்டு நாளாயிற்று. எட்காரிடமிருந்து அன்பான பதில் வந்தது. தகவல் தந்தவரே பிற்பாடு மறுப்பதும் வாய்மொழி வழக்கின் ஓர் அம்சம் என்றும், அடுத்த பதிப்பில் இதையும் அடிக்குறிப்பாகச் சேர்த்துக்கொள்வதாகவும் எழுதியிருந்தார்.

முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து ஜுதித்தா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலி மெத்தென்றுதான் இருந்தது. ஆனால் நற்கருணை நேரத்தில் பின்னால் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அது குத்தியது. அந்தக் கதை பொய் என்று இந்த ஊரில் நிச்சயமாகத் தெரிந்தவள் ஒருத்தி உண்டென்றால் அது அவள்தான். தெரிந்தும் துணியை இழுத்திருக்கிறாள்.

உயிர்ப்புக்கு முந்தின நாளான பெரிய சனிக்கிழமை மாலை, இரவுப் பூசையின் தூபத்துக்கு நெருப்பு வாங்க வந்தவள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"நாளைக்காச்சும் வருவீங்களா அண்ணே?"

"எப்படி வர்றது தங்கச்சி? அந்த வெள்ளை அப்பத்தை வாயில வாங்கிட்டு வெளிய வந்தா, என் கடைச் சுவத்துலயே என் பொய்யி பளிங்குல பல்லைக் காட்டுது."

"கூண்டுல சொல்லி மன்னிப்புக் கெடைச்சிடுச்சுல்ல?"

"ஆண்டவர் மன்னிச்சுட்டாரு. கல்லு மன்னிக்கலையே." அடுப்புக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். "உண்மைய ஊரு நடுவுல நின்னு சொன்னேன். ஒருத்தன், ஒரே ஒருத்தன் நம்பியிருந்தாப் போதும். ஒருத்தன்கிட்டயாச்சும் திருப்பிக் குடுத்தாச்சுன்னு இருக்கும்."

"நான் நம்பறேன்."

விஸ்தின் தலையைத் தூக்கினார்.

"அப்படி ஒரு விதவை கெடையாது. காலரா வருஷத்துலயும் கெடையாது, எந்த வருஷத்துலயும் கெடையாது. நீங்க கட்டி விட்டதுதான். புத்தகத்தைப் படிச்ச அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"எப்படி அவ்வளவு நிச்சயமாச் சொல்றே?"

ஜுதித்தா வாய்வரை வந்ததை விழுங்கினாள். "கல்லுல வெட்டினா நம்பிடறதுக்கு நான் என்ன நார்டுவா?" என்றாள். சட்டியில் நெருப்பை அள்ளிக்கொண்டு, கோயிலுக்குப் போகாமல் நேரே சங்கத்துக்குப் போனாள். சீட்டாடிக்கொண்டிருந்த ஆண்கள் நடுவில், புகையும் சட்டியோடு நின்று, கொள்ளுப்பாட்டி தன் வீட்டைச் சேர்ந்தவள் அல்ல, விஸ்தின் சொன்னதுதான் உண்மை, முன்வரிசை நாற்காலியை வேறு யாருக்காவது கொடுங்கள் என்றாள்.

"இந்தத் தெருவுல எல்லாருக்கும் அடக்கம் வந்துடுச்சுய்யா" என்றார் நார்டு, சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். ஆனால் நாற்காலியை எடுத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் கொள்ளுப்பாட்டி கடையின் இன்னொரு பக்கத்து வீட்டுக்கு இடம் மாறினாள். தண்ணீர்க் குழாயில் வழி மறுபடி குறுகியது.

உயிர்ப்பு ஞாயிறு அன்று விஸ்தின் பெஞ்சிலிருந்து எழுந்தார். எழும்போது ஒருமுறை வழுக்கிச் சமாளித்தார். இஞ்ஞாசி சாமி அவர் நாக்கில் அப்பத்தை வைத்துவிட்டு, பின்னால் நிற்கும் வரிசையை மறந்து ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். அன்றிலிருந்து சாமி வீட்டில் ஒரு ரொட்டி இரண்டு நாள் வந்தது.

கல் இருந்த இடத்திலேயே இருந்தது. படகில் வந்திறங்குகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். மாதா சங்கத்தார் அடுத்த வருஷமே தங்கள் பக்கத்தில் இரவுக் கழுதைக்கு ஒரு கல் வைத்தார்கள்.

இனிமேல் இல்லாத ஒன்றை இருப்பதாக ஒரு வார்த்தைகூடச் சொல்ல மாட்டேன் என்று விஸ்தின் மாதா முன்னிலையில் மெழுகுவத்தி ஏற்றி வாக்குக் கொடுத்தார். அதன்பிறகு ரொட்டி நேற்றுச் சுட்டதென்றால் நேற்றுச் சுட்டது என்றே சொல்லி விற்றார். வியாபாரம் கொஞ்சம் குறைந்தது. பதினேழாம் எண் தட்டில் எதுவும் குறையவில்லை.

மூன்று வருஷம் கழித்து மூட்டுவலி முற்றி, மெல்போர்னில் இருக்கும் மகள் அவரை அழைத்துக்கொண்டாள். படகுத்துறைக்கு வழியனுப்ப ஊரில் பாதி வந்தது. இரண்டு சங்கமும் பேண்ட் கொண்டுவந்து, ஒரே நேரத்தில் வேறு வேறு பாட்டு வாசித்தன. ஜுதித்தா அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகின் பலகைவரை நடந்தாள். வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாள். இன்று கேட்காவிட்டால் என்றைக்கும் இல்லை.

"அண்ணே, பொய் சொல்றதில்லன்னு மாதாகிட்ட வாக்குக் குடுத்திருக்கீங்க. ஒண்ணு கேக்கறேன், நெசத்தைச் சொல்லணும். இத்தனை வருஷமா என் தட்டுல உருளைக்கிழங்குக்கு அடியில கறி வெச்சது நீங்கதானே?"

விஸ்தின் பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கடலைப் பார்த்தார். கோயில் இருக்கும் திசையையும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"நானா? அடுப்பு நல்லாச் சூடேறினா உருளைக்கிழங்கு சில நேரம் அப்படி ஆயிடும், தங்கச்சி."